அண்ணாச்சி பாக்கியைப் பிடித்தது ஆடிட்! மின்சார வாரியத்தின் செலவுக் கணக்கைப் பிடிப்பது யார்?

சென்னை,–

ஒரு மளிகைக்கடை. திருவல்லிக்கேணி பக்கம் என்று வைத்துக் கொள்ளுங்கள். மாலை நேரம். வியாபாரம் சூடு பிடித்து இருக்கிறது. அப்போது மின்சார அலுவலகத்தில் இருந்து ஒரு நோட்டீசு வருகிறது.

பிரித்துப் பார்த்த அண்ணாச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது!

"உங்கள் இணைப்புக்குக் கட்டண வகை தவறாகப் பதிவாகி உள்ளது. தணிக்கையில் இது கண்டுபிடிக்கப்பட்டது. விட்டுப்போன வித்தியாசத் தொகையைக் கட்டவும்" என்று அதில் கண்டிருந்தது.

அப்போது கடையில் துவரம்பருப்பு வாங்க நின்றவர், கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேருக்கும் பேச்சு தொடங்கியது.

அண்ணாச்சி:– என்ன சார் இது, அநியாயமால்லா இருக்கு! ரீடிங் எடுத்தது அவங்க ஆளு. பில் போட்டது அவங்க. அவங்க தப்பாப் போட்டதுக்கு நான் ஏன் கட்டணும்?

குமாஸ்தா:– தப்பு அவங்க மேலதான். ஆனா கரண்டை எரிச்சது நீங்கதானே, அண்ணாச்சி?

அண்ணாச்சி:– சரி, எரிச்சேன். என் கடைக் கணக்கை இவ்வளவு துல்லியமாப் பார்க்கிற ஆடிட், அவங்க கணக்கைப் பார்க்குதா? கோடி கோடியாக் கடன்னு பேப்பர்ல போடுறாங்களே, அதை யார் ஆடிட் பண்றது?

கடை கற்பனைதான். ஆனால் அண்ணாச்சி கேட்ட கேள்வி கற்பனை அல்ல. சென்னையில் கடை வைத்திருக்கும் எல்லோரும் கேட்கிற கேள்விதான். அதற்குப் பதில் தேடியபோது கிடைத்த விவரம் வருமாறு:–

சுப்ரீம் கோர்ட்டு சொன்னது என்ன?

முதலில் அண்ணாச்சி நோட்டீசை முடித்து விடுவோம்.

இதே மாதிரி ஒரு வழக்கு ராஜஸ்தானில் நடந்தது. 2009-ம் ஆண்டில் இருந்து 2011-ம் ஆண்டு வரை ஒருவருக்குத் தவறான கட்டண வகையில் பில் போட்டு விட்டார்கள். தணிக்கையில் அது தெரிய வந்தது. 2014-ம் ஆண்டில் கூடுதல் பில் அனுப்பினார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது.

2020-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 18-ந்தேதி தீர்ப்பு வந்தது. தவறுதலாக விட்டுப்போன தொகையை 2 ஆண்டுகள் கழிந்த பிறகும் கேட்கலாம். ஆனால் 2 ஆண்டு கெடு தாண்டிய அந்தப் பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்க முடியாது. இதுதான் தீர்ப்பின் சாரம்.

ஆக, "கட்டாவிட்டால் பீசைப் பிடுங்கி விடுவோம்" என்று பழைய பாக்கிக்கு மிரட்டினால் பயப்பட வேண்டாம். அதே சமயம் "உங்கள் தப்பு, நான் கட்ட மாட்டேன்" என்று ஒரேயடியாகச் சொல்லவும் முடியாது. எந்த மாதத்துக்கு, எந்தக் கட்டண வகையில், எவ்வளவு வித்தியாசம் என்று கணக்கை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். சரியில்லை என்று தோன்றினால் ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் இருக்கும் நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்குப் போகலாம். அங்கும் திருப்தி இல்லை என்றால் மின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

இது சின்னக் கணக்கு. இனி பெரிய கணக்குக்கு வருவோம்.

ஒரு நாள் வட்டி ரூ.45 கோடி!

தமிழ்நாடு மின்சார வாரியம் 1957-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி தொடங்கப்பட்டது. 2010-ம் ஆண்டு நவம்பர் மாதம் அதைக் கம்பெனிகளாகப் பிரித்தார்கள். மின் உற்பத்தியும் பகிர்மானமும் ஒரு கம்பெனிக்குப் போயின. பெரிய டவர் லைன்கள் இன்னொன்றுக்குப் போயின. 2024-ம் ஆண்டில் மறுபடியும் பிரித்து, உற்பத்திக்கு ஒன்று, பசுமை எரிசக்திக்கு ஒன்று, பகிர்மானத்துக்கு ஒன்று என்று ஆக்கினார்கள். நமக்குப் பில் போடுவது பகிர்மானக் கழகம். பெயர்ப்பலகை எத்தனை தடவை மாறினாலும் ஜனங்களுக்கு அது "ஈ.பி."தான்! அண்ணா சாலையில் உள்ள தலைமை அலுவலகம்தான் அதன் முகம்.

2022-ம் ஆண்டு ஜூலை 18-ந்தேதி கட்டண உயர்வுக்கு மனு போட்டபோது, அப்போதைய மின்துறை அமைச்சர் செந்தில் பாலாஜி நிருபர்களிடம் ஒரு கணக்கை வெளியிட்டார். 2011-12-ம் ஆண்டில் கடன் ரூ.43 ஆயிரத்து 493 கோடி. அது 2021-22-ம் ஆண்டில் ரூ.1 லட்சத்து 59 ஆயிரத்து 823 கோடியாக ஏறி விட்டது. வட்டி மட்டும் ஆண்டுக்கு ரூ.16 ஆயிரத்து 511 கோடி.

இதை 365 நாளுக்கு வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு சுமார் ரூ.45 கோடி! காலையில் கடை திறந்து ராத்திரி பூட்டுவதற்குள் அந்த வட்டி ஏறி விடும்.

அதற்கு முந்தைய ஆண்டு, 2021 ஆகஸ்டு 9-ந்தேதி தமிழக அரசு ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. ஒவ்வொரு யூனிட் மின்சாரத்துக்கும் ரூ.2.36 நஷ்டம் என்று அப்போது சொல்லப்பட்டது.

அண்ணாச்சி ஒரு கிலோ பருப்பு விற்று 2 ரூபாய் நஷ்டப்பட்டால் என்ன செய்வார்? வாங்குகிற விலையைப் பார்ப்பார். மூட்டை ஓட்டையா என்று பார்ப்பார். எடைக்கல்லைப் பார்ப்பார். கடன் வட்டியைப் பார்ப்பார். அதன் பிறகுதான் விலையை ஏற்றுவார்.

மின்சாரத்திலும் அப்படிப் பார்ப்பதற்கு ஆள் இருக்கிறதா? இருக்கிறது. ஒன்று அல்ல, 5 இடங்கள் இருக்கின்றன!

முதல் இடம்: உள்தணிக்கை

வாரியத்துக்கு உள்ளேயே ஆடிட் பிரிவு உண்டு. அதன் ஆட்கள் பிரிவு அலுவலகங்களுக்குப் போவார்கள். பில் புத்தகம், கட்டண வகை, வசூல், ஸ்டோரில் உள்ள கம்பி, கம்பம், மீட்டர் எல்லாவற்றையும் சரி பார்ப்பார்கள். அண்ணாச்சிக்கு வந்தது போன்ற நோட்டீசு புறப்படுவது இங்கே இருந்துதான்.

உள்தணிக்கை நன்றாக நடந்தால் என்ன தெரிய வரும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்லலாம்.

2.38 லட்சம் டன் எங்கே?

எண்ணூர் பக்கத்தில் இருக்கிறது வடசென்னை அனல் மின் நிலையம். இங்கே நிலக்கரி கப்பலில் வருகிறது. காமராஜர் துறைமுகத்தில் இறங்கி, கன்வேயர் பெல்ட் வழியாக வந்து மலை மலையாகக் குவிகிறது.

2021-ம் ஆண்டு ஆகஸ்டு 20-ந்தேதி அந்த நிலையத்தைப் பார்வையிட்ட மின்துறை அமைச்சர், திடுக்கிடும் தகவல் ஒன்றைச் சொன்னார். பதிவேட்டில் இருக்கும் இருப்புக்கும் களத்தில் இருக்கும் இருப்புக்கும் 2.38 லட்சம் டன் வித்தியாசம்! மதிப்பு ரூ.85 கோடி!

ஒரு சரக்கு ரெயில் சுமார் 4 ஆயிரம் டன் நிலக்கரி ஏற்றும். அப்படியானால் இது ஏறத்தாழ 60 ரெயில் நிலக்கரி!

இதற்கு யார் பொறுப்பு என்பது வேறு விஷயம். நாம் கவனிக்க வேண்டியது கணக்கை.

நிலக்கரியை அரிசி மூட்டை மாதிரி தராசில் வைத்து எண்ண முடியாது. குவியலைச் சர்வே செய்வார்கள். எத்தனை கன மீட்டர் என்று பார்ப்பார்கள். அதை அடர்த்தியால் பெருக்கினால் எடை கிடைக்கும். ஈரம் இருந்தால் எடை கூடும். காய்ந்தால் குறையும். காற்றில் தூள் பறக்கும். குவியல் தானாகவே தீப்பற்றுவதும் உண்டு. இப்படிக் கொஞ்சம் கழிவு போவது சகஜம்.

ஆனால் "கொஞ்சம்" என்பதற்கு ஒரு அளவு இருக்கிறது அல்லவா? மாதா மாதம் அளந்து, புத்தகத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசம் வந்த அன்றே கேள்வி கேட்டால் அது சில நூறு டன்னில் நிற்கும். கேட்காமல் விட்டால் லட்சத்தைத் தொடும். 2.38 லட்சம் டன் ஒரே ராத்திரியில் வித்தியாசப்படுகிற சரக்கு அல்ல.

காணாமல் போனது திருட்டா, கழிவா, எழுத்துப் பிழையா என்று பிறகு எத்தனை விசாரணை நடந்தாலும், அதற்குக் கொடுத்த பணம் கொடுத்ததுதான்!

2-வது இடம்: சி.ஏ.ஜி.

"சி.ஏ.ஜி." என்று சொல்லப்படும் இந்திய கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் ஆட்கள் அடுத்தபடி வருகிறார்கள்.

வாரியமாக இருந்த காலத்தில் ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்தது இவர்கள்தான். கம்பெனியாக மாறிய பிறகு, சி.ஏ.ஜி. நியமிக்கும் ஆடிட்டர்கள் முதலில் கணக்கைப் பார்க்கிறார்கள். அதற்கு மேல் சி.ஏ.ஜி. துணைத் தணிக்கை செய்கிறார். செலவு சரியாக எழுதப்பட்டதா என்பதோடு நிற்காமல், அந்தச் செலவு தேவைதானா, டெண்டர் ஒழுங்காக விடப்பட்டதா, வாங்கிய சாமான் பயன்பட்டதா என்றும் இவர்கள் பார்ப்பது உண்டு.

அண்ணாச்சி:– அப்போ எல்லாம் சரியா நடக்குதுன்னு சொல்லுங்க.

குமாஸ்தா:– அவசரப்படாதீங்க. ஆடிட் அறிக்கை சட்டசபைக்கு வர்றதுக்குள்ள, செலவு நடந்து ரெண்டு மூணு வருசம் ஓடிடும். செலவு பண்ணின அதிகாரி மாறுதல்ல போயிருப்பார். சில பேர் ரிட்டயர்டே ஆகியிருப்பார்.

3-வது இடம்: சட்டசபைக் குழு

தமிழக சட்டசபையில் பொது நிறுவனங்கள் குழு என்று ஒன்று இருக்கிறது. எம்.எல்.ஏ.க்கள் உறுப்பினர்கள். சி.ஏ.ஜி. அறிக்கையில் அரசு நிறுவனங்களைப் பற்றி வரும் குறைகளை இந்தக் குழு எடுத்துக் கொள்கிறது. அதிகாரிகளை நேரில் அழைத்து, "ஏன் இப்படி நடந்தது?" என்று கேட்கிறது. பரிந்துரை செய்கிறது.

இங்கேயும் கேள்வி சூடாக இருக்கும். ஆனால் கேட்கப்படும் விஷயம் ஆறிப் போய் இருக்கும்!

முதல் 3 இடங்களும் பெரும்பாலும் நடந்து முடிந்த செலவைத்தான் பார்க்கின்றன. உங்கள் பில்லில் ஏறுவதற்கு முன்பே செலவை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கிற இடம் ஒன்று உண்டு. அதுதான் 4-வது இடம்.

4-வது இடம்: கிண்டியில் ஒரு கமிஷன்

கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. 1999-ம் ஆண்டு அமைக்கப்பட்டது. கரண்ட் கட்டணம் எவ்வளவு என்று உத்தரவு போடும் அதிகாரம் இதற்குத்தான். அரசு நினைத்தால் மானியம் கொடுக்கலாம். கட்டண உத்தரவு ஆணையத்தில் இருந்துதான் வர வேண்டும்.

இங்கே நடப்பது என்ன?

மின் கழகம் ஒரு மனு போடுகிறது. "எனக்கு ஆண்டுக்கு இவ்வளவு செலவு. அதை ஈடு கட்ட இவ்வளவு வருமானம் வேண்டும்" என்று பட்டியல் கொடுக்கிறது. மின்சாரம் வாங்கும் செலவு, நிலக்கரி, சம்பளம், பென்ஷன், பழுது பார்ப்பு, தேய்மானம், வட்டி என்று பட்டியல் நீளும்.

ஆணையம் அதை அப்படியே ஏற்கக் கூடாது. ஒவ்வொரு இனமாக எடுத்து, "இந்தச் செலவு நியாயமானதா? புத்தியுள்ள வியாபாரி இப்படிச் செலவு செய்வானா?" என்று பார்க்க வேண்டும்.

விலை குறைந்த மின்சாரம் இருக்கும்போது விலை கூடியதை ஏன் வாங்கினாய்? மின்சாரம் விற்றவருக்குப் பணத்தை நேரத்தில் கொடுக்காமல் அபராதம் கட்டி இருக்கிறாயே, அதை ஜனங்கள் தலையில் கட்டலாமா? கட்டி முடிக்காத மின் நிலையத்துக்கு வாங்கிய கடன் வட்டியை இப்போதே வசூலிக்கலாமா? இப்படிக் கேள்விகள் வரும்.

ஓட்டை மூட்டை கணக்கு

மின் இழப்பு என்று ஒன்று இருக்கிறது. மின் நிலையத்தில் இருந்து புறப்படும் 100 யூனிட்டும் வீடு வந்து சேராது. கம்பியில் சூடாகிக் கொஞ்சம் போகும். டிரான்ஸ்பார்மரில் கொஞ்சம் போகும். கொக்கி போட்டுத் திருடுவதில் கொஞ்சம் போகும்.

இதற்கு ஆணையம் ஒரு வரம்பு கட்டும். உதாரணத்துக்கு, 100-க்கு 13 என்று வைத்துக் கொள்ளுங்கள். உண்மையில் 16 போய் விட்டது என்றால், கூடுதலாகப் போன 3 யூனிட்டின் செலவைப் பில்லில் ஏற்ற முடியாது. அது மின் கழகத்தின் நஷ்டம்.

"மூட்டை ஓட்டையாக இருந்தால் தைத்துக் கொள். சிந்திய அரிசிக்கு வாடிக்கையாளரிடம் காசு கேட்காதே!" என்கிற நியாயம்தான்.

ஆண்டு முடிந்த பிறகு இன்னொரு வேலை இருக்கிறது. முன்பு சொன்ன மதிப்பீட்டையும், தணிக்கை ஆன உண்மைக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்க வேண்டும். கூடுதலாக வசூலித்து இருந்தால் திருப்ப வேண்டும். குறைந்து இருந்தால், காரணம் நியாயம் என்றால் மட்டும் சேர்க்க வேண்டும்.

7 ஆண்டு தூக்கம்!

இவ்வளவு நல்ல ஏற்பாடு இருந்தும் கடன் எப்படி மலையாக வளர்ந்தது?

தேதிகளைப் பாருங்கள். ஆணையத்தின் முதல் கட்டண உத்தரவு 2003-ம் ஆண்டு மார்ச் மாதம் வந்தது. அடுத்தது 2010-ம் ஆண்டு ஆகஸ்டு முதல் அமலானது. நடுவில் 7 ஆண்டு!

கட்டணம் ஏறாததால் ஜனங்களுக்குச் சந்தோஷம். ஆனால் கட்டண மனு வராத ஆண்டில் செலவுப் பட்டியலும் வருவது இல்லை. பட்டியல் வராவிட்டால், "இது ஏன்?" என்று பகிரங்கமாகக் கேட்க இடமே இல்லை. நிலக்கரி விலை ஏறியது. வெளியில் வாங்கும் மின்சாரம் ஏறியது. பற்றாக்குறைக்குக் கடன் வாங்கினார்கள். கடனுக்கு வட்டி. வட்டி கட்ட மேலும் கடன்.

நாடு முழுவதுமே இந்த நிலைமைதான். 2011-ம் ஆண்டு நவம்பர் 11-ந்தேதி டெல்லியில் உள்ள மின்சார மேல்முறையீட்டு தீர்ப்பாயம் ஒரு உத்தரவு போட்டது. ஆண்டுதோறும் செலவுக் கணக்கைப் பார்த்துக் கட்டணம் நிர்ணயிக்க வேண்டும். மனு வராவிட்டால் ஆணையங்கள் தாமாகவே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அந்த உத்தரவு.

அதன் பிறகு தமிழ்நாட்டில் 2012, 2013, 2014 என்று வரிசையாக உத்தரவுகள் வந்தன. 2012-ம் ஆண்டில் மட்டும் கட்டணம் சராசரியாக 37 சதவீதம் ஏறியது. 7 ஆண்டு தூங்கியதற்கு ஒரே நாளில் வந்த பில் அது!

2017-ம் ஆண்டு ஒரு உத்தரவு. பிறகு மறுபடியும் 5 ஆண்டு இடைவெளி. 2022-ம் ஆண்டு மனுவில் 2016-17 முதல் 2020-21 வரை 5 ஆண்டுக் கணக்கையும் மொத்தமாகச் சரிபார்க்கக் கொடுத்தார்கள்.

குமாஸ்தா:– 5 வருசத்துப் பேரேட்டை ஒரே நாள்ல புரட்டினா உங்களுக்கு என்ன தெரியும், அண்ணாச்சி?

அண்ணாச்சி:– கண்ணுதான் வலிக்கும்.

நாற்காலி காலி!

அந்த 2022-ம் ஆண்டில் இன்னொரு கூத்தும் நடந்தது.

ஆணையத்தில் சட்டம் தெரிந்த உறுப்பினர் ஒருவர் இருக்க வேண்டும். அந்த நாற்காலி அப்போது காலியாக இருந்தது. இதை எதிர்த்து நூற்பாலைக்காரர்கள் சங்கம் மதுரை ஐகோர்ட்டு கிளைக்குப் போனது. சட்ட உறுப்பினரை நியமிக்கும் வரை இறுதி உத்தரவு போடக் கூடாது என்று தனி நீதிபதி தடை விதித்தார். மேல்முறையீட்டில் 2 நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை நீக்கியது.

செப்டம்பர் 9-ந்தேதி உத்தரவு வந்தது. மறுநாளே அமலுக்கும் வந்து விட்டது.

கடைக்காரர்களுக்கு என்ன ஆனது? 2 மாதத்தில் 100 யூனிட்டுக்கு மேல் போகும் கடைக்கு அதுவரை யூனிட் ரூ.8.05. அது ரூ.9.50 ஆனது. 500 யூனிட் எரிக்கும் கடைக்கு ரூ.4 ஆயிரத்து 25 என்பது ரூ.4 ஆயிரத்து 750 ஆயிற்று. ரூ.725 கூடுதல். நிலைக்கட்டணமும் வரியும் தனி.

அதோடு நிற்கவில்லை. ஆண்டுதோறும் ஜூலை மாதம், விலைவாசி உயர்வு அல்லது 6 சதவீதம், இரண்டில் எது குறைவோ அந்த அளவுக்கு 2026-27-ம் ஆண்டு வரை கட்டணம் ஏறும் என்றும் உத்தரவில் சொல்லி விட்டார்கள். அதன்படி 2023-ல் 2.18 சதவீதமும், 2024-ல் 4.83 சதவீதமும், 2025-ல் 3.16 சதவீதமும் ஏறின. 2023, 2025 ஆகிய ஆண்டுகளில் வீட்டு இணைப்புகளுக்கான உயர்வை அரசே ஏற்றுக் கொண்டது.

கட்டணம் தானாக ஏறுவதற்கு வழி செய்தாகி விட்டது. செலவு தானாக இறங்குவதற்கு யாரும் வழி செய்யவில்லை!

மீட்டர் இல்லாத கணக்கு

தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய பம்புசெட்டுகள் உள்ளன. இலவச மின்சாரம். விவசாயிக்கு அது தேவைதான். அதில் சண்டை இல்லை. ஆனால் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லாமல் போனதால், எத்தனை யூனிட் ஓடியது என்பதைக் குத்துமதிப்பாகத்தான் கணக்கு எழுதி வந்தார்கள்.

இதில்தான் சிக்கல். விவசாயத்துக்குப் போனது என்று கூடுதலாக எழுதினால், மின் இழப்பு குறைந்த மாதிரி தெரியும். திருட்டும் கசிவும் அந்தக் கணக்குக்குள் மறைந்து விடும். டிரான்ஸ்பார்மரிலாவது மீட்டர் வைத்து அளந்தால்தான் உண்மை தெரியும். மீட்டர் வைப்பது விவசாயியிடம் காசு வாங்க அல்ல. கணக்கு பார்க்க!

பில்லில் வராதது வரியில் வரும்

அண்ணாச்சி:– கமிஷன் வெட்டிட்டா நமக்கு லாபம்தானே சார்?

குமாஸ்தா:– பில்லுல லாபம். ஆனா அந்தப் பணம் ஏற்கனவே செலவாயிடுச்சே! கடனாத்தானே நிக்கும்?

இதுதான் முக்கியம். ஆணையம் வெட்டிய செலவு ஆவியாகிப் போவது இல்லை. கடனாக உட்காரும். கடன் முற்றினால் அரசு ஏற்கும்.

2017-ம் ஆண்டு ஜனவரியில் தமிழக அரசு "உதய்" திட்டத்தில் சேர்ந்தது. அந்தத் திட்டத்தில் கணக்கில் எடுத்த கடன் ரூ.30 ஆயிரத்து 420 கோடி. அதில் முக்கால் பங்கு, ரூ.22 ஆயிரத்து 815 கோடியை அரசு தன் தலையில் ஏற்றுக் கொண்டது. அரசின் தலை என்பது யாருடைய தலை? சோப்பு வாங்கும்போதும் செருப்பு வாங்கும்போதும் வரி கட்டுகிற நம்முடைய தலைதான்!

2016-ம் ஆண்டு முதல் வீடுகளுக்கு 2 மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்தப் பணத்தையும் அரசுதான் மின் கழகத்துக்குக் கொடுக்க வேண்டும். மானியத்தை முன்கூட்டியே கொடுக்க வேண்டும் என்று 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டம் சொல்கிறது. தாமதம் ஆனால் அந்த இடைவெளிக்கும் கடன், அதற்கும் வட்டி.

ஆகவே செலவான பிறகு வெட்டுவதை விட, செலவாகும் முன் கேட்பதுதான் லாபம்.

5-வது இடம்: நீங்கள்தான்!

யாரும் எதிர்பார்க்காத இடம் இது. கட்டண மனு வந்தால் அதன் சுருக்கத்தைப் பத்திரிகையில் வெளியிட வேண்டும். பொதுமக்கள் சொல்லும் ஆட்சேபங்களைப் பரிசீலித்து 120 நாளுக்குள் ஆணையம் முடிவு செய்ய வேண்டும். இது சட்டம்.

2022-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 16-ந்தேதி கோவையிலும், 18-ந்தேதி மதுரையிலும், 22-ந்தேதி சென்னை கலைவாணர் அரங்கத்திலும் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. வக்கீல் வேண்டாம். பெயரைப் பதிவு செய்து கொண்டு, மைக் முன்னால் போய்ப் பேசலாம். எழுதியும் கொடுக்கலாம்.

பெரிய மில்களின் சங்கங்களுக்கு ஆடிட்டரும் வக்கீலும் உண்டு. அவர்கள் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுப்பார்கள். கடைக்காரரும் குமாஸ்தாவும் போனால், "கட்டணத்தை ஏற்றாதே!" என்று மட்டும் சொல்லிவிட்டு வருகிறார்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் கோபத்தைக் கணக்கில் கழிக்க முடியாது. கேள்வியாகக் கேட்டால் பதில் எழுத வேண்டிய கட்டாயம் வரும்.

என்ன கேட்கலாம்?

* போன ஆண்டின் கணக்கு தணிக்கை ஆகி விட்டதா? ஆகவில்லை என்றால் எந்தக் கணக்கை நம்பிக் கட்டணம் கேட்கிறீர்கள்?

* சி.ஏ.ஜி. அறிக்கையில் குறை என்று சொன்ன தொகை எவ்வளவு? அதில் எவ்வளவு திரும்பி வந்தது?

* வடசென்னை நிலக்கரி மாதிரி இருப்புக் குறைவு வேறு எங்காவது உண்டா? அந்த நஷ்டம் செலவுப் பட்டியலில் சேர்ந்து இருக்கிறதா?

* மின் இழப்பு வரம்பைத் தாண்டியதா? தாண்டிய பகுதி யார் கணக்கில் எழுதப்பட்டது?

* தாமதத்துக்காகக் கட்டிய அபராதம் எவ்வளவு?

கூட்டம் நடக்கும் வரை காத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம் செலுத்தி மனு போட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஒரு டீயும் வடையும் கூட இன்று 10 ரூபாய்க்குக் கிடைக்காது!

நோட்டீசுக்குப் பதில்

மறுபடியும் திருவல்லிக்கேணிக் கடைக்கு வருவோம்.

பருப்புப் பொட்டலத்தைக் கையில் வாங்கிக் கொண்டே குமாஸ்தா சொன்னார்.

"அண்ணாச்சி, அந்த நோட்டீசை ஒரு ஜெராக்ஸ் எடுத்து வையுங்க. கணக்கு கேட்டு ஒரு லெட்டர் எழுதுவோம். நாளைக்கு எழுதித் தாரேன்."

அண்ணாச்சி:– சரி சார். அப்படியே இன்னொரு லெட்டரும் எழுதித் தாங்க.

குமாஸ்தா:– அது எதுக்கு?

அண்ணாச்சி:– 2022-ல போட்ட உத்தரவு 2026-27 வரைக்கும்னுதானே சொன்னீங்க? அடுத்த மனு வராமலா போகும்? என் கடைக் கணக்குல விட்டுப்போனதை அவங்க கண்டுபிடிச்சு எழுதிட்டாங்க. அவங்க கணக்குல என்ன விட்டுப்போச்சுன்னு நானும் எழுதிக் கேட்கணும்லா?

நியாயமான கேள்விதானே, வாசகர்களே!